வர்க்கமூலத்தை வகையிடுதல்: கேள்வி பதில்

(மாறியை க என்றும், அதில் நேரும் சிறு மாற்றத்தை ச என்றும் குறித்துள்ளேன். வகைக்கெழு என்பது வரைபடத்தின் ஒரு புள்ளியில் தொடுகோட்டின் சாய்வு.)

கேள்வி: √க-வின் வகைக்கெழுவை முதற்கொள்கையிலிருந்து (அதாவது எல்லை வழியான வரையறையிலிருந்து) காண முயன்றால் 0/0 என்று வந்து நிற்கிறது. எங்கே தவறு?

பதில்: (√(க+ச) − √க)/ச என்ற பின்னத்தில் ச-வுக்கு உடனே 0 எனப் பிரதியிட்டிருப்பீர்கள். பகுதியில் உள்ள ச நீங்கிய பிறகே எல்லை காண வேண்டும். அதற்குத் தொகுதி, பகுதி இரண்டையும் √(க+ச) + √க என்னும் இணைக் கோவையால் பெருக்குங்கள். தொகுதி (க+ச) − க, அதாவது வெறும் ச ஆகிவிடும். அது பகுதியிலுள்ள ச-வுடன் அடிபட்டுப்போக, 1/(√(க+ச) + √க) எஞ்சும். இப்போது ச 0-ஐ நெருங்கும்போது 1/(2√க) கிடைக்கும். அவசரத்தில் தொகுதியை மட்டும் பெருக்கிவிட்டுப் பகுதியை மறப்பவர்களே அதிகம்.

கேள்வி: அடுக்கு விதியில் ஒரே வரியில் முடிகிறதே?

பதில்: முடியும். √க என்பது க-வின் 1/2 அடுக்கே; அந்த 1/2 முன்னே வந்து, புதிய அடுக்கு −1/2 ஆகும், விடை அதுவே. வினாவில் முதற்கொள்கை என்று குறிப்பிட்டிருந்தால் மட்டும் இந்த வழி செல்லாது.

கேள்வி: √(3க+1)-க்கு 1/(2√(3க+1)) என்று எழுதினேன். மதிப்பெண் தரவில்லை.

பதில்: சங்கிலி விதியின்படி, உள்ளே இருக்கும் 3க+1-இன் வகைக்கெழுவான 3-ஆலும் பெருக்கியிருக்க வேண்டும். க = 1 எனில் சரியான சாய்வு 3/4; உங்கள் விடையோ 1/4 தருகிறது.

கேள்வி: க = 0 எனும் புள்ளியில் √க-வின் வகைக்கெழு என்ன?

பதில்: அங்கே அது இல்லை. க = 0.01 எனில் சாய்வு 5, க = 0.0001 எனில் 50 என்று அது கட்டின்றி வளர்கிறது. சார்பு அப்புள்ளியில் தொடர்ச்சியானதுதான், ஆனால் தொடுகோடு செங்குத்தாக நிமிர்ந்துவிடுகிறது. √(க²)-உம் 0-இல் வகையிடத்தக்கதன்று, எனினும் காரணம் முற்றிலும் வேறு: அச்சார்பு க-வின் மட்டு மதிப்பே என்பதால், இடப்புறச் சாய்வு −1 ஆகவும் வலப்புறச் சாய்வு 1 ஆகவும் அமைந்து, வரைபடம் அங்கே முனையாக மடிகிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கணிப்பான் இல்லாமல் √50 காண இது உதவுமா?

பதில்: நன்றாகவே உதவும். √49 = 7; அங்கே சாய்வு 1/14. எனவே √50 ஏறத்தாழ 7 + 1/14, அதாவது 7.0714. உண்மை மதிப்பு 7.0711, வளைவரை தன் தொடுகோட்டுக்குக் கீழே தாழ்ந்து செல்வதால் நம் மதிப்பீடு சற்று மிகுந்தே வருகிறது.