பையன் ரேடாரை ஏமாத்துற வேலைக்குப் போறேங்கிறானா?

அம்மா, நீங்க கேட்டதைப் படிச்சேன். நாள் முழுக்க போர் விமான வீடியோ பாக்குறான், கேட்டா ரேடாரை ஏமாத்துறதுதான் என் வேலைங்கிறான், இதுக்கெல்லாம் படிப்பு இருக்கான்னு கேக்குறீங்க. இருக்கும்மா. ஆனா அவன் பைலட் ஆகணும்னு சொல்லவே இல்ல, நீங்களா ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டுப் பயப்படுறீங்க.

ஆரம்பத்துல ரேடாரை ஏமாத்துறதுக்கு வெறும் பேப்பரே போதுமா இருந்துச்சு. 1943 ஜூலைல ஹாம்பர்க் மேல குண்டு போடப் போன பிரிட்டிஷ் விமானங்க அலுமினியம் ஒட்டின பேப்பர் பட்டையக் கட்டுக்கட்டா கொட்டிச்சு, ஒவ்வொண்ணும் 27 சென்டிமீட்டர். ஏன் 27னா, ஜெர்மன் ரேடாரோட அலைநீளம் சுமார் 53 சென்டிமீட்டர், அதுல பாதி நீளத்துல பட்டை இருந்தா அதுவே குட்டி ஆன்டெனா மாதிரி அலையத் திருப்பி விடும், திரையில எது விமானம் எது பேப்பர்னே தெரியாது. சாஃப்னு சொல்றது இதத்தான். இப்பவும் போடுறாங்க, ஆனா கொட்டின உடனே காத்துல வேகம் போயி மிதக்க ஆரம்பிச்சிடும், வேகத்தையும் அளக்குற டாப்ளர் ரேடார் அந்த வேக வித்தியாசத்த வச்சே பிரிச்சிடும்.

அதனால இப்ப விளையாட்டே சிக்னல்லதான். எதிரி ரேடார் விடுற பல்ஸ, அதாவது குட்டி அலைத் துடிப்ப, விமானத்துல இருக்குற கருவி டிஜிட்டலா பதிவு பண்ணி, நிஜ எதிரொலிய விட பலமா திருப்பி அனுப்பும், ரேடார் அதப் பிடிச்சுக்கும், எதிரொலி எவ்ளோ நேரத்துல வருதுங்கிறத வச்சுத்தான் ரேடார் தூரத்தக் கணக்குப் போடும், அதனால அப்புறம் தாமதத்தக் கொஞ்சங்கொஞ்சமா கூட்டிக்கிட்டே போனா, அங்க இல்லவே இல்லாத ஒரு விமானத்துக்குப் பின்னாடியே ரேடார் போயிடும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடமே இதான்.

எலக்ட்ரானிக்ஸ் கம்யூனிகேஷன் இல்லன்னா பிசிக்ஸ் எடுக்கட்டும், சிக்னல் ப்ராசஸிங், ஆன்டெனா ரெண்டையும் விடக்கூடாது, கணக்கு வராதுன்னா இப்பவே யோசிச்சுக்கணும். ராணுவ வேலைன்னா குடியுரிமை, பின்னணி விசாரணை எல்லாம் பாப்பாங்க, அது கிடைக்கலன்னாலும் இதே படிப்புக்கு மொபைல் நெட்வொர்க், கார் ரேடார், வானிலை ரேடார்னு வேலை உண்டு. ஒண்ணு மட்டும், வீட்லயே ஜாமர், அதாவது சிக்னலக் குழப்புற கருவி, செய்யுறேன்னு கிளம்பினா விடாதீங்க, பல நாடுகள்ல அது குற்றம்.

இன்னிக்கு ராத்திரி அவன்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: பல்ஸ் 1 மைக்ரோசெகண்ட் (செகண்ட்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு) லேட்டா திரும்பிப் போனா ரேடார் எவ்ளோ தூரம் ஏமாறும்? 300 மீட்டர்னு சட்டுனு சொன்னா ஒண்ணும் சொல்லாம விட்டுடுங்க. அந்த 300 மீட்டர்ல அலை போயிட்டுத் திரும்பியும் வருதுல்ல, அப்ப 150தானேன்னு அவனே வந்து திருத்தினான்னா எனக்கு எழுதுங்க, அடுத்து எதப் படிக்கணும்னு சொல்றேன்.