சட்டமன்றமா, சாம்பியன்ஷிப்பா? கேய்லிக் கால்பந்து கேள்வி பதில்

அயர்லாந்தின் லீஷ் மாவட்டத்தில் பதினைந்து ஆண்டுகளாகச் செவிலியராக வேலை பார்க்கிறேன். என் மகள் எட்டு வயதிலிருந்து ஊர் கிளப்பில் கேய்லிக் கால்பந்து ஆடுகிறாள். சிறுமியர் அணியின் பயிற்சிக்கு நானும் உதவுகிறேன். எங்கள் மாவட்ட அணியை நடத்தியவர் வட அயர்லாந்தில் எம்.எல்.ஏ.வாக இருந்துகொண்டே அதைச் செய்தார் என்று ஒருமுறை சொன்னேன். அதிலிருந்து நண்பர்களும் முன்பின் அறியாதவர்களும் கேட்ட கேள்விகளைச் சேர்த்து வைத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (சேலம், பள்ளி ஆசிரியர்): இது நாம் பார்க்கும் கால்பந்துதானா? மேலாளர் என்றால் பயிற்சியாளரா?

இல்லை ஐயா, இது வேறு ஆட்டம். ஓர் அணிக்கு 15 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், உதைக்கலாம், முஷ்டியால் தட்டிக் கொடுக்கலாம். ஆனால் கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் ஓடக் கூடாது. தரையில் தட்டியோ காலால் தட்டிக் கைக்குக் கொண்டுவந்தோதான் ஓட்டத்தைத் தொடர வேண்டும். வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. குறுக்குக் கம்பத்தின் மேலே போனால் 1 புள்ளி. 2025இல் வந்த புது விதிப்படி 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் 2.

மேலாளர்தான் அணியின் தலைமைப் பொறுப்பாளர். முப்பதுக்கும் மேற்பட்ட வீரர்களைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சியைத் திட்டமிடுவது, ஆட்ட நாளில் கோட்டோரம் நின்று மாற்றங்கள் செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. தோற்றால் மாவட்டமே அவரைத்தான் கேட்கும்.

கேள்வி (சென்னை, அரசியல் அறிவியல் மாணவி): அக்கா, 2024இல் ஒரு எம்.எல்.ஏ. ஆட்டத்துக்காகச் சட்டமன்றத்தை விட்டுப் போனார் என்று படித்தேன். நடந்தது என்ன?

அவர் பெயர் ஜஸ்டின் மெக்நல்டி. 2002இல் அர்மா மாவட்டம் முதன்முதலாக அகில அயர்லாந்துப் பட்டம் வென்றபோது, கெர்ரியை ஒரு புள்ளியில் வீழ்த்திய அந்த அணியின் தடுப்பில் நின்றவர். 2016 முதல் நியூரி - அர்மா தொகுதியில் ஐரிஷ் தேசியவாதக் கட்சியான எஸ்.டி.எல்.பி.யின் எம்.எல்.ஏ. முன்பே ஒருமுறை லீஷ் அணியை நடத்தியிருந்தார். 2023இல் அவரை மீண்டும் அழைத்து வந்தார்கள்.

வட அயர்லாந்து அரசு 2022 பிப்ரவரியில் முடங்கியது, மே மாதத் தேர்தலுக்குப் பிறகு சட்டமன்றமும் இயங்கவில்லை. பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் டி.யு.பி. கட்சி ஆட்சியிலிருந்து விலகியதே காரணம். இரண்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2024 ஜனவரி கடைசியில் அக்கட்சி இறங்கி வந்தது. உடனே பிப்ரவரி 3, சனிக்கிழமை, பெல்ஃபாஸ்ட்டின் ஸ்டோர்மாண்ட் சட்டமன்றக் கட்டடத்தில் அவை கூடும் என்று அறிவித்தார்கள். அன்றுதான் மிஷேல் ஓ'நீல் முதலமைச்சரானார். ஐரிஷ் தேசியவாதிகள் தரப்பிலிருந்து ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை.

அதே சனிக்கிழமை லீஷ் அணிக்கு வெக்ஸ்ஃபோர்டுடன் நான்காம் பிரிவு லீக் ஆட்டம். மெக்நல்டி அவைக்கு வந்தார். ஆனால் அமர்வு முடியும்வரை இருக்கவில்லை. ஆட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். எட்டே உறுப்பினர்கள் கொண்ட அவர் கட்சி அந்த அவையில் எதிர்க்கட்சி வரிசையில் உட்காரும் முதல் நாள் அது. கட்சி அவரைச் சட்டமன்றக் குழுவிலிருந்து விலக்கி வைத்தது. பின்னர் மீண்டும் சேர்த்துக்கொண்டது.

கேள்வி (அதே மாணவி): அவர் செய்தது சரியா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

மழுப்பவில்லை. அன்று அவர் இருந்திருக்க வேண்டிய இடம் ஸ்டோர்மாண்ட். எங்கள் மாவட்ட அணிக்காக ஓடி வந்தவரைப் பற்றி இப்படிச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். லீக் அட்டவணை எப்போதோ வெளியாகிவிட்டது. அவை கூடும் நாளோ அந்த வாரத்தில்தான் முடிவானது. முழு அமர்வுகள் வழக்கமாகத் திங்கள், செவ்வாயில் நடக்கும், சனிக்கிழமையில் அல்ல. குளிரில் மாதக்கணக்காகப் பயிற்சி எடுத்த பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த வாக்கும் வாக்குதான்.

ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. கோட்டோரத்தில் அவருக்குத் துணையாகத் தேர்வாளர்களும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். ஒரு நாள் அவர் இல்லாவிட்டாலும் அவர்கள் அணியை இறக்கிவிடுவார்கள். அவையில் ஓர் உறுப்பினரின் நாற்காலியில் அவருக்குப் பதிலாக வேறொருவர் உட்கார முடியாது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சட்டமன்றமே இல்லாமல் மருத்துவமனை வரிசைகளில் காத்துக் கிடந்த மக்கள் அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செவிலியர் என்பதால் எனக்கு அது இன்னும் உறைக்கிறது.

அந்த ஆண்டு லீஷ் நான்காம் பிரிவை வென்றது. இரண்டாம் நிலை அணிகளுக்கான டெய்ல்டன் கோப்பை இறுதிவரை போய் டவுன் மாவட்ட அணியிடம் தோற்றது. டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் நானும் மகளும் இருந்தோம். அவர் உழைப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கேள்வி (திருச்சி): மேலாளர் பதவியில் நல்ல சம்பளம் கிடைக்குமா?

இது தொழில்முறை ஆட்டமே அல்ல. ஜி.ஏ.ஏ. எனப்படும் கேய்லிக் விளையாட்டுச் சங்கத்தின் விதிப்படி வீரருக்கும் சம்பளம் இல்லை, மேலாளருக்கும் இல்லை. பயணச் செலவு போன்றவை மட்டுமே கிடைக்கும். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னால் ஞாயிறு இறுதிப் போட்டி ஆடியவர் அந்த வாரமே பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார்.

கேள்வி (டப்ளினில் வசிக்கும் மென்பொருள் பொறியாளர்): இரண்டு பொறுப்பும் ஒன்றாக இருந்தால் ஒரு வாரம் எப்படிப் போகும்?

அயர்லாந்து நாடாளுமன்றக் கீழவையான டாயில் வழக்கமாகச் செவ்வாய் முதல் வியாழன்வரை கூடும். மாவட்ட அணிகளின் பயிற்சியும் வார நாள் மாலைகளில்தான். வார இறுதியில் ஆட்டம். அரசியல்வாதிக்கோ வார இறுதிதான் தொகுதியைச் சுற்றும் நேரம். ஓய்வுக்கென்று எதுவும் மிஞ்சாது.

தூரத்தையும் கணக்கில் வையுங்கள். நியூரியிலிருந்து எங்கள் போர்ட்லீஷ் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பயிற்சி முடித்துத் திரும்பினால் நள்ளிரவு. நடுவில் ஓர் எல்லைக்கோடு வேறு இருக்கிறது. தொகுதி ஐக்கிய ராச்சியத்தில், அணி அயர்லாந்துக் குடியரசில். ஜி.ஏ.ஏ.வுக்கு மட்டும் இந்தத் தீவின் 32 மாவட்டங்களும் ஒன்றே.

கண்ணால் கண்டது ஒன்று. கிளப் மட்டத்தில் சிறுவர் அணியை நடத்தும் ஒருவர் மாவட்ட மன்ற உறுப்பினர். நவம்பர் மாதம், புதன்கிழமை மாலை, சாரல் மழை. வேலியோரம் ஒரு தாய் குடையின்கீழ் மடித்த கடிதத்தோடு நின்றிருந்தார். வீட்டில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அமைக்க விண்ணப்பித்த உதவித்தொகை பற்றிய கடிதம். அவர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பத்து விரல்களைக் காட்டினார். பத்து நிமிடம் என்று பொருள். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, பிடித்து உதைக்கும் பயிற்சியை முடித்தார். கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னார். பிறகு தன் காரின் முகப்பு விளக்கு வெளிச்சத்தில் குனிந்து அந்தக் கடிதத்தைப் படித்தார். கையுறையைப் பல்லால் கழற்றி, கடிதத்தின் ஓரத்தில் ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டார். காகிதம் நனையாமல் இருக்க அந்தத் தாய் குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தார். பயிற்சி நேரத்தை ஒரு நிமிடம்கூடக் குறைக்காமல் அவர் அதைச் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. அவர் இரவு உணவுக்கு வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனார் என்பதையும் யோசித்தேன்.

கேள்வி (யாழ்ப்பாணம்): இரண்டிலும் வென்றவர் எவரேனும் உண்டா?

இரண்டிலும் வென்றவர் உண்டு. ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. ஜான் ஓ'மஹோனியின் கதையைச் சொல்கிறேன்.

மேயோ மாவட்டத்துக்காரர், பள்ளி ஆசிரியர். 1989இல் மேயோவை அகில அயர்லாந்து இறுதிக்குக் கொண்டு போனார். 1951க்குப் பிறகு அந்த மாவட்டம் இறுதியை எட்டியது அப்போதுதான். கார்க்கிடம் தோற்றார்கள். பிறகு லீட்ரிம். நாட்டிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த அந்த மாவட்டத்துக்கு 1994இல் கொனாக்ட் மாகாணப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அதற்கு முன் அவர்கள் அதை வென்றது 1927இல். வீழ்த்தியது தன் சொந்த மேயோவை. அடுத்து கால்வே. 1998இலும் 2001இலும் அகில அயர்லாந்துப் பட்டம். 1966க்குப் பிறகு கொனாக்டிலிருந்து எவரும் தொடாத கோப்பை அது. இதெல்லாம் அவர் அரசியலுக்கு வருவதற்கு முன்பு நடந்தது.

2006 கடைசியில் மேயோவுக்குத் திரும்பினார். 2007 மே பொதுத்தேர்தலில் ஃபீனா கேல் கட்சி சார்பில் நின்று டாயிலுக்குத் தேர்வானார். பிரசாரமும் சாம்பியன்ஷிப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன. அந்த ஆண்டு கொனாக்டில் மேயோவை வெளியேற்றியது அவர் வளர்த்த கால்வேதான். 2009இல் மாகாணப் பட்டம் கிடைத்தது, ஆனால் அகில அயர்லாந்துக் காலிறுதியில் மீத்திடம் தோல்வி. 2010இல் லாங்ஃபோர்டிடம் தோற்றதோடு மேலாளர் பொறுப்பிலிருந்து விலகினார். டாயில் இடத்தை 2011இலும் தக்கவைத்தார். பின்னர் மேலவையிலும் இருந்தார். 2024இல் காலமானார்.

நாடாளுமன்ற உறுப்பினராக இருந்ததால்தான் மேயோவுக்குக் கோப்பை கிடைக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குப் பின் வந்த முழுநேர ஈடுபாடு கொண்ட மேலாளர்களும் இறுதி மேல் இறுதியாகத் தோற்றார்கள். 1989 முதல் 11 முறை இறுதிக்குப் போயும் மேயோ ஒன்றைக்கூட வெல்லவில்லை. ஆனால் டப்ளினுக்கும் மேயோவின் காஸல்பாருக்கும் இடையே ஏறத்தாழ 240 கிலோமீட்டர். வாரம் தவறாமல் அந்தச் சாலையில் போய்வந்த ஐம்பது வயது கடந்த ஒரு மனிதரிடம், 1998இல் இருந்த அதே தெம்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வீரராகவே சாதித்தவர் ஷான் ஃபிளானகன். 1951 மே தேர்தலில் டாயிலுக்குப் போனார், செப்டம்பரில் மேயோ அணித்தலைவராக அகில அயர்லாந்துக் கோப்பையைத் தூக்கினார். பிறகு அமைச்சரும் ஆனார். மேயோ கடைசியாக வென்ற கோப்பை அதுதான்.

கேள்வி (மதுரை, ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்): ஆட்டத்தில் வென்றால் வாக்கு தானாக விழுமா?

அறிமுகம் கிடைக்கும் ஐயா. இங்கே வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போட வேண்டும். முதல் வாக்கைத் தன் கட்சிக்குப் போடுபவர், "நம் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர்" என்று இரண்டாவதை இவருக்குப் போடுவார். பல உறுப்பினர் தொகுதிகளில் கடைசி இடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட வாக்குகள்தான்.

அதற்கு மேல் ஆட்டம் காப்பாற்றாது. ஜிம் கேவின் டப்ளினுக்கு ஆறு அகில அயர்லாந்துப் பட்டங்கள் வாங்கித் தந்தவர், அதில் 2015 முதல் 2019வரை தொடர்ந்து ஐந்து. 2025 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஃபியனா ஃபாய்ல் கட்சி அவரை நிறுத்தியது. பிரசாரத்தின் நடுவிலேயே விலகினார். பெயர் மட்டும் வாக்குச்சீட்டில் நின்றது.

மெக்நல்டிக்கு லீஷால் ஒரு வாக்கும் இல்லை என்பதையும் கவனியுங்கள். நியூரியில் வாக்களிப்பவர் லீஷ் வென்றதற்காக மகிழப் போவதில்லை. வாக்குக்காகத்தான் அவர் மேலாளரானார் என்று எவரேனும் சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி (கொழும்பு): சங்கம் அரசியலை அனுமதிக்கிறதா?

ஜி.ஏ.ஏ. கட்சி சார்பற்றது என்று அதன் விதியே சொல்கிறது. கூட்டங்களில் கட்சி அரசியல் பேசக் கூடாது. ஆனால் 1884இல் தர்ல்ஸ் ஊரில் தொடங்கிய நாளிலிருந்தே அது நாட்டின் விடுதலை உணர்வோடு வளர்ந்தது. 1920 நவம்பர் 21 அன்று குரோக் பார்க்கில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பிரிட்டிஷ் அரசுப் படைகள் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகன். இன்று கோப்பை வழங்கப்படும் மாடத்துக்கு அவர் பெயர்தான்.

கேள்வி (டப்ளின் புறநகர், இரண்டு குழந்தைகளின் தாய்): அக்கா, எங்கள் கிளப்பில் 10 வயதுக்குட்பட்டோர் அணியை நடத்தக் கேட்கிறார்கள். 2029 உள்ளாட்சித் தேர்தலில் நிற்கவும் ஆசை. எனக்கு ஐரிஷ் குடியுரிமை இல்லை. இரண்டும் முடியுமா?

தாராளமாக முடியும் தங்கச்சி. உள்ளாட்சித் தேர்தலில் இங்கே வசிப்பவர்கள் எந்த நாட்டவராக இருந்தாலும் வாக்களிக்கலாம், நிற்கவும் நிற்கலாம்.

அணிக்கு முதலில் காவல்துறைச் சரிபார்ப்பு, குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி, தொடக்க நிலைப் பயிற்சியாளர் சான்று மூன்றையும் முடித்துவிடுங்கள். சரிபார்ப்புக்கு நாளாகும், இந்த வாரமே படிவம் கேளுங்கள். பொறுப்பைத் தனியாக ஏற்காதீர்கள். உங்களுக்குச் சமமாக இன்னொருவர் பெயரும் முதல் நாளிலிருந்தே பெற்றோருக்குத் தெரிய வேண்டும். நீங்கள் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் பிள்ளைகள் மழையில் காத்திருக்கக் கூடாது.

பிரசாரம் தொடங்கியதும் கிளப் சட்டை போட்ட படத்தைச் சுவரொட்டியில் போடாதீர்கள். பெற்றோரின் தொலைபேசிக் குழுவில் வாக்கும் கேட்காதீர்கள். அந்தக் குழு பயிற்சி நேரம் சொல்வதற்கு.

குழந்தைகளுக்கு அவர்கள் வயதுக்கு ஏற்ற சிறிய பந்து போதும். பெரியவர்களின் பந்தைக் கொடுத்தால் விரல் சுளுக்கிக்கொள்ளும்.