பிள்ளை பெற்றவளுக்கு எந்தச் சுறா?

கேள்வி: பிரசவமாகி நாற்பது நாள் ஆகிறது. பால் ஊறட்டும் என்று மாமியார் வாரம் தவறாமல் சுறாப் புட்டு செய்து தருகிறார். இந்த முறை மாமா வாங்கி வந்தது ஒரு சாணுக்கும் அகலமான துண்டு. நடுமுள்ளை ஒட்டிச் சதை கருஞ்சிவப்பாக இருக்கிறது. பால் சுறா என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். ‘பெரிய சுறாவில் பாதரசம் இருக்கும், தொடாதே’ என்கிறாள் தங்கை. மஞ்சள் போட்டு வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் போய்விடாதா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: தங்கை சொல்வதுதான் சரி. அந்தத் துண்டு உங்களுக்கு வேண்டாம்.

முதலில், அது பால் சுறாவாக இருக்க வழியில்லை. பால் சுறா பெரும்பாலும் மூன்றரை அடிக்குள் நின்றுவிடும். குறுக்கே வெட்டினால் சாண் அகலத்துக்கு வராது. அதைவிட நல்ல அடையாளம் நீங்களே சொன்ன அந்தக் கருஞ்சிவப்புச் சதை. பெரும்பாலான சுறாக்களில் சிவப்புச் சதை தோலுக்கு அடியில், விலாப் பக்கமாக மெல்லிய பட்டையாக ஓடும். அது உள்ளே தள்ளி நடுமுள்ளை ஒட்டியிருந்தால் அநேகமாக மேக்கோ சுறா. ஆழ்கடலில் தூண்டில் போடும் தூத்தூர் வட்டாரப் படகுகளில் மேக்கோ அகப்படுவது புதிதல்ல. முழுசாகப் பார்க்கக் கிடைத்தால் கூர் மூக்கு, கருநீல முதுகு, பிறை வால், வாயை மூடினாலும் வெளியே தெரியும் ஊசிப் பற்கள் ஆகியவை காட்டிக் கொடுத்துவிடும். துண்டு போட்ட பிறகு சதை ஒன்றுதான் சாட்சி.

மேக்கோவில் இரண்டு இனம் உண்டு. அவற்றோடு பெரிய வெள்ளைச் சுறா, போர்பீகிள், சால்மன் சுறா என்று ஐந்தும் ஒரே குடும்பம். மீன் என்றால் குளிர்ந்த ரத்தம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இந்தக் குடும்பம் அதற்கு விலக்கு. நீந்தும் தசையில் பிறக்கும் சூட்டை இவை கடலுக்கு விட்டுக் கொடுப்பதில்லை. தசையிலிருந்து திரும்பும் சூடான ரத்தமும் செவுளிலிருந்து வரும் குளிர்ந்த ரத்தமும் நூல் நூலான குழாய்களில் உரசிக்கொண்டு எதிரெதிரே ஓடுவதால் சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது. சிவப்புச் சதை உடம்பின் நடுவில் பொதிந்திருப்பதும் இதற்குத் தோதாகத்தான். சூடான தசைக்கு வேகம் அதிகம். சுறாக்களிலேயே வேகமானது மேக்கோ; சூரை மீனையே துரத்திப் பிடிக்கும்.

ஆனால் சூட்டோடு இருக்க நிறையத் தின்ன வேண்டும். தின்பதும் பெரிய மீன்களை. அந்த மீன்களில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் மெத்தில் பாதரசம் (மீன் சதையில் பாதரசம் பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருக்கும்) அப்படியே இதன் சதைக்கு வந்து சேர்கிறது. பெண் மேக்கோ குட்டி போடும் பருவத்துக்கு வரவே ஏறக்குறைய 18 ஆண்டு ஆகும். 30 ஆண்டு வாழ்ந்த மேக்கோவும் உண்டு. அத்தனை காலச் சேமிப்பும் உங்கள் சட்டியில்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பட்டியலில் சுறாவின் சராசரி கிலோவுக்கு 0.979 மில்லிகிராம் பாதரசம், சாளைக்கு 0.013. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2003-இல் வைத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 96 மைக்ரோகிராம். சராசரிச் சுறாவில் 100 கிராம் சாப்பிட்டாலே ஒரு வாரக் கணக்கு முடிந்தது. புட்டு ருசியாக இருந்தால் 100 கிராமோடு யார் நிறுத்துகிறார்கள்?

மஞ்சள் விஷயம். சுறாவின் உடம்பில் யூரியா இருக்கும். அதனால்தான் அந்த அமோனியா வாடை. வேகவைத்துப் பிழிந்தால் அந்த யூரியாவும் வாடையும் நன்றாகவே குறையும். பாதரசம் அப்படியல்ல, சதையின் புரதத்தோடு பிணைந்து கிடக்கிறது. வெந்நீருக்கும் மஞ்சளுக்கும் புளிக்கும் அசையாது. தோலை உரித்தாலும் பயனில்லை.

சுறாவால் பால் கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பிள்ளை அடிக்கடி குடித்தால் பால் ஊறும்; உங்களுக்கு வயிறாரச் சாப்பாடும் தூக்கமும் வேண்டும். சின்னப் பால் சுறாவில் பாதரசம் சேரக் காலம் குறைவு, ஆகவே அளவும் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்க அறிவுரை, பாலூட்டும் தாய்மார்கள் எந்தச் சுறாவையும் தவிர்க்க வேண்டும் என்கிறது. வாரா வாரம் என்பதற்கு நானும் சம்மதிக்க மாட்டேன். மாமியாரிடம் நெத்திலி, சாளை, காரல் கேளுங்கள். காரல் குழம்பு பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்று அவரே சொல்வார். புட்டுதான் வேண்டுமென்றால் அயிலையை அவித்து முள் எடுத்து, அதே பூண்டும் இஞ்சியும் போட்டு உதிர்க்கலாம். மெனக்கெடத் தயாராக இருந்தால் ருசியில் குறைவில்லை.

இதுவரை சாப்பிட்டதை நினைத்துப் பயந்து பாலை நிறுத்திவிடாதீர்கள். உடம்பில் உள்ள மெத்தில் பாதரசம் சுமார் 50 நாளுக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். கவலை தீராவிட்டால் மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

குளிர்பெட்டியில் இருக்கும் துண்டை மாமாவும் மாமியாரும் ஒரு வேளை சாப்பிடலாம். பெரியவர்களுக்கே வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம் என்பது பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையின் அறிவுரை. வீட்டில் வேறு குழந்தைகள் இருந்தால் அவர்கள் தட்டில் வைக்க வேண்டாம்.