ஒரு ஜாக்கெட்டுக்கு எவ்வளவு கேட்பது?

கேள்வி: மதுரையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். லைனிங் ஜாக்கெட்டுக்கு 200 ரூபாய் வாங்குகிறேன், மாதம் 40 வரை வருகிறது. போன வருடம் ஆரி வேலையும் (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) கற்றுக்கொண்டேன். அதற்கு என்ன கேட்பது என்றே தெரியவில்லை. தினமும் மிஷினில் உட்கார்ந்தும் கையில் காசு தங்குவதில்லை. மாதம் 12,000 ரூபாயாவது எனக்கென்று நிற்க வேண்டும். கூலியை ஏற்றினால் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அந்த 200 ரூபாயை எப்படி முடிவு செய்தீர்கள்? பக்கத்துத் தெருவில் 200 வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே தைப்பவரும் உங்கள் விலையைப் பார்த்துத்தான் தன் விலையை வைத்திருப்பார். இப்படி ஒருவரை ஒருவர் பார்த்து வைத்த விலையில் உங்கள் நேரம் எங்குமே கணக்கில் வரவில்லை. முதலில் அதை உள்ளே கொண்டுவர வேண்டும்.

அடுத்து வரும் ஐந்து ஜாக்கெட்டுகளுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். வாடிக்கையாளர் பையைப் பிரித்துத் துணியை வெளியே எடுக்கும் நிமிடத்தில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு ஜாக்கெட்டை விரித்து அளப்பது, "கை இன்னும் ஒரு இன்ச் இறக்கமா வையுங்க அக்கா" என்று அவர் நின்று பேசுவது, சேலை கலருக்கு நூலும் லைனிங்கும் தேடிக் கடைக்குப் போவது, வெட்டுவது, தைப்பது, கொக்கி வைப்பது, அயர்ன் செய்து மடிப்பது, பிறகு "அக்குள்ல பிடிக்குது" என்று திரும்பி வந்தால் பிரித்துத் தைப்பது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். தையலுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் என்றால், மொத்தமாக மூன்று மணி நேரத்துக்கு மேலேயே வரும். நான் தைத்துக்கொண்டிருந்த காலத்தில் இதைப் பல வருடம் கழித்துத்தான் எழுதிப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மாதம் 25 நாள், தினம் 5 மணி நேரம் என்றால் 125 மணி நேரம். அதில் வெட்டுவதற்கும் தைப்பதற்கும் போவது 40 ஜாக்கெட்டுக்கு 80 மணி நேரம். மீதி 45 மணி நேரத்துக்கு யாரும் தனியாகக் காசு தருவதில்லை. நூல், கொக்கி, கேன்வாஸ் என்று ஒரு ஜாக்கெட்டுக்கு 20 ரூபாய் போகிறது என்று வையுங்கள். கரண்ட், ஊசி, ஆயில், பஸ், போன், மிஷின் தேய்மானம் எல்லாம் சேர்த்து மாதம் 1,500. மிஷின் தேய்மானத்தை யாருமே எழுதுவதில்லை. 30,000 ரூபாய்க்கு வாங்கிய மிஷினும் ஓவர்லாக்கும் ஐந்து வருடம் உழைத்தால் அதுவே மாதம் 500 ரூபாய்.

இப்போது கையில் நிற்பது: 180 ரூபாய் வீதம் 40 ஜாக்கெட்டுக்கு 7,200. அதில் 1,500 போனால் 5,700. அதை 125 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 46 ரூபாய்கூட இல்லை.

உங்களுக்கு 12,000 நிற்க வேண்டும் என்றால் செலவோடு சேர்த்து 13,500 வர வேண்டும். அதைத் தையலுக்குப் போகும் 80 மணி நேரத்தால் வகுங்கள், மணிக்குச் சுமார் 170 ரூபாய். இரண்டு மணி நேர ஜாக்கெட்டுக்கு 340, சாமான் 20, ஆக 360. பிரின்சஸ் கட், பைப்பிங், பின்கழுத்தில் குஞ்சம் என்று நேரம் கூடினால் அதே 170-ஐ வைத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். இந்த 170-தான் உங்கள் அளவு டேப். இனி எந்த வேலை வந்தாலும் இதை வைத்து அளக்கலாம்.

ஆரி வேலையில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும், "இதுக்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள். போட்டோவைப் பார்த்து வாயால் விலை சொல்லவே சொல்லாதீர்கள். "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, மிச்சத் துணியை ஆரிக் கட்டையில் (துணியை இழுத்துக் கட்டும் சட்டம்) கட்டி ஒரே ஒரு மாங்காய் டிசைனைப் போட்டுப் பாருங்கள். ஓரத்துக்கு ஜரி, நடுவில் நிரப்ப சில்க் த்ரெட், நுனியில் கல் என்று அது 25 நிமிடம் ஆகிறது என்று வைப்போம். இரண்டு கையிலும் சேர்த்து 40 மாங்காய் என்றால் 1,000 நிமிடம், அதாவது 16 மணி 40 நிமிடம். கூலி மட்டுமே 2,830 ரூபாய்க்கு மேல் வருகிறது. கழுத்து வேலையும், கல், மணி, ஜர்தோசி விலையும், தையல் கூலியும் இதில் இன்னும் சேரவில்லை. இதைப் பார்க்காமல் 1,500-க்கு ஒத்துக்கொண்டு மூன்று ராத்திரி கண்விழித்தவர்களை எனக்குத் தெரியும். சாமான் விலையைத் தனியாக எழுதிக் காட்டி, பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிய பிறகே துணியில் ஊசி வையுங்கள்.

பக்கத்துத் தெரு பயம் நியாயமானதுதான். நாளைக்கே 200-ஐ 360 ஆக்க வேண்டாம். புதிதாக வருகிறவர்களுக்கு இன்றிலிருந்தே 360 சொல்லுங்கள், அவர்களுக்குப் பழைய விலை தெரியாது. பழையவர்களுக்கு முதலில் 280, அப்புறம் தை பிறந்ததும் முழு விலை. "அங்கே 180-தான்" என்று யாராவது சொன்னால் அங்கே தைப்பவரைக் குறை சொல்லாதீர்கள். "என் கூலி இதுதாங்க, சொன்ன தேதியில் தருவேன், ஒரு வாரத்துக்குள் அளவு சரியில்லை என்றால் இலவசமாகச் சரிசெய்து தருவேன்" என்பது போதும். சிலர் போவார்கள். 40 ஜாக்கெட் 30 ஆனாலும் 360 வீதம் சாமானும் மாதச் செலவும் போக 8,700 நிற்கும், அதுவும் 60 மணி நேரத் தையலிலேயே. மிச்ச நேரத்தில் ஆரிக் கட்டையில் உட்காரலாம்.

பழைய ஜாக்கெட்டைப் பிரித்து விடுவது, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது இவற்றை "சும்மா செஞ்சு கொடுங்க" என்பார்கள். அதற்கும் விலை போடுங்கள். சொந்தக்காரர்களுக்குக் குறைக்க ஆசைப்பட்டால் முழு விலையை எழுதி, குறைத்ததையும் அதன் கீழேயே எழுதிக் கொடுங்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வரும் அவசர வேலைக்குக் கூடுதல் கேட்பதில் தப்பே இல்லை, உங்கள் தூக்கம் போகிறது.

அரசாங்கப் பதிவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. தையல் மாதிரி சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு மத்திய அரசின் இணையதளத்தில் இலவசம். அதற்கென்று கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பழையவர்களுக்கு விலையை மாற்ற ஆடி மாதம் வசதி. கல்யாணம் இல்லை, வேலை குறைவு, நேரம் குறித்துப் பார்க்கவும் முடியும். ஆடி கடைசியில் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள்: சாதா, லைனிங், பிரின்சஸ் கட், பிரித்துத் தைக்க, அவசரம். ஆரிக்கு எதிரே மட்டும் "டிசைன் பார்த்து, மறுநாள்" என்று இருக்கட்டும்.