வலியில்லாத மஞ்சள்காமாலை: சி.டி.யைத் தள்ளிப்போடாதீர்கள்

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. குடியாத்தத்தில் கைலி நெய்தவர், பீடிப் பழக்கம் உண்டு. மூன்று வாரமாக மஞ்சள்காமாலை. வலி, காய்ச்சல் இல்லை, உடம்பெல்லாம் அரிப்பு. கீழாநெல்லியும் பத்தியமும் பலிக்கவில்லை. வயிற்று ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி போலத் தெரிவதால் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். சதை எடுத்துச் சோதித்தால் நோய் பரவிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்யலாம்?

பதில்: இந்த வாரமே சி.டி. எடுத்துவிடுங்கள். கிருமியால் கல்லீரல் வீங்கி வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். நாட்டு மருந்துக்கு நல்ல பெயர் வாங்கித் தருவது அந்த வகைதான். அப்பாவுடையது அடைப்புக் காமாலை போலத் தெரிகிறது. பித்தக்குழாய் கணையத்தின் தலைப்பகுதி வழியாகத்தான் குடலுக்கு இறங்குகிறது. அங்கே கட்டி அழுத்தினால் பித்தம் ரத்தத்தில் ஏறும். மலம் வெளுத்து, சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போகிறதா என்று கேளுங்கள். சர்க்கரை நோய் புதிதாக வந்ததா, உடம்பு இளைத்ததா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. கணைய அழற்சியும் இப்படித் தோன்றலாம். கணையப் புற்றுநோய்க்கான குறியீடாகப் பார்க்கும் சி.ஏ. 19-9 ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது, காமாலையாலேயே அது உயரும்.

சி.டி. கணையத்துக்கென்றே மருந்து ஏற்றி எடுப்பதாக இருக்கட்டும். சிறுநீரகம் அந்த மருந்தைத் தாங்குமா என்று அறிய, முன்னதாக ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள். அரிப்புக்காக முதலில் ஸ்டென்ட் (பித்தக்குழாய் அடைப்பைத் திறந்துவைக்கும் சிறு குழாய்) வைத்துவிட்டால், அதனால் வரும் வீக்கம் படத்தைக் குழப்பும். ஆகவே சி.டி. முதலில், தேவைப்பட்டால் ஸ்டென்ட் பிறகு. குளிர்காய்ச்சல் கண்டால் மட்டும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனையில் சேருங்கள்.

சதைப் பரிசோதனை பற்றிய பயம் வேண்டாம். வெட்டி எடுக்கக்கூடிய கட்டி என்று படத்தில் தெளிவாகத் தெரிந்தால், பல நேரங்களில் அந்தச் சோதனை இல்லாமலே அறுவை செய்வார்கள். கீமோதெரபி முதலில் என்றால் சோதனை கட்டாயம். எண்டோஸ்கோப்பி வழியாக மெல்லிய ஊசியால் எடுப்பார்கள். நோய் பரவும் வாய்ப்பு மிக மிக அரிது.

உண்மையை மறைக்க மாட்டேன்: கணையப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும்போது ஐந்தில் ஒருவருக்குத்தான் அறுவைக்கு வாய்ப்பிருக்கிறது. தலைப்பகுதிக் கட்டி காமாலையாகத் தன்னைக் காட்டிக்கொடுப்பதால், அப்பாவுக்கு அந்த வாய்ப்பு இருக்கலாம். நாள் கடத்த வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை எல்லாவற்றையும் அகற்றும் விப்பிள் அறுவை பெரியது. ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று தயங்காமல் கேட்டு, அதிகம் செய்யும் இடத்துக்கே போங்கள். வேலூரை ஒட்டி இருக்கும் உங்களுக்கு சி.எம்.சி.யும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரம்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள். பீடியை இன்றே விடச் சொல்லுங்கள். அறுவைக்குப் பின் நெஞ்சில் சளி கட்டும் ஆபத்து குறையும்.