தழும்பின் ஓரத்தில் தடிப்பு: சிறுநீரகம் மாற்றியவர் தோலைக் காட்ட வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 57. 9 ஆண்டுகளுக்கு முன் என் சிறுநீரகத்தை அவருக்கு வைத்தார்கள். டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசலோன் மூன்றையும் தவறாமல் சாப்பிடுகிறார். இளவயதில் மோட்டார் சைக்கிள் புகைக்குழாய் சுட்ட தழும்பு கணுக்காலுக்கு மேல் இருக்கிறது. அதன் ஓரத்தில் 2 மாதமாக ஒரு தடிப்பு, காலுறை உரசினால் ரத்தம் கசிகிறது. டாக்டரிடம் காட்டலாம் என்றால், "தோல் புற்றுநோயெல்லாம் வெள்ளைக்காரனுக்கு வர்றது" என்கிறார். மருந்தைக் கொஞ்சம் குறைத்தால் ஆறிவிடுமா? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: அம்மா, மருந்தில் மட்டும் கை வைக்காதீர்கள், ஒரு வேளைகூட. நீங்கள் கொடுத்த சிறுநீரகத்தை அவர் உடம்பு வேற்றுப்பொருளாக நினைத்துத் தாக்காமல் இருப்பதே அந்த மூன்று மருந்துகளால்தான். அளவை மாற்றுவதும் வேறு மருந்துக்குப் போவதும் அவருடைய சிறுநீரக மருத்துவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை.

அடுத்தது அந்தத் தடிப்பு. 2 மாதமாக ஆறவில்லை, ரத்தம் கசிகிறது, பழைய தீக்காயத் தழும்பில் வந்திருக்கிறது, அதுவும் சிறுநீரகம் மாற்றியவருக்கு. இந்த நான்கும் சேர்ந்தால் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்கக் கூடாது. நாளையே அவருடைய சிறுநீரக மருத்துவக் குழுவை அழைத்து, தோல் மருத்துவரை இந்த வாரமே பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். வெறும் மருவாகவும் இருக்கலாம், உறுப்பு மாற்றியவர்களுக்கு மரு நிறைய வரும். ஆனால் கண்ணால் பார்த்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு மிளகு அளவு தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், கொஞ்ச நேர வேலைதான்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், நம் தோலில் தினமும் கெட்டுப்போகிற செல்களைக் கண்டுபிடித்து அழிப்பது நோய் எதிர்ப்புச் சக்தி, அதைத்தான் இந்த மருந்துகள் அடக்கி வைத்திருக்கின்றன. மருவை உண்டாக்கும் வைரசும் அந்த நேரம் பார்த்துப் பெருகும். ஸ்குவாமஸ் செல் என்ற வகைப் புற்றுநோய், உறுப்பு மாற்றிய வெள்ளைத் தோல்காரர்களுக்கு மற்றவர்களைவிட 65 மடங்குக்கும் மேல் வருவதாக ஆய்வுகள் உண்டு. பழைய தீக்காயத் தழும்பில் வருவதும் பெரும்பாலும் இதே வகைதான்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. நம் நிறம் வெயிலிலிருந்து நிஜமாகவே காக்கிறது, நமக்கு அந்த ஆபத்து மிகவும் குறைவு. ஆனால் நமக்கு வரும்போது அது வெயிலே படாத இடத்திலும் வருகிறது: உள்ளங்கால், நகத்தடி, பழைய தழும்பு, பிறப்புறுப்பு, ஆசனவாய் ஓரம். அங்கே யாரும் பார்ப்பதில்லை, அதனால் முற்றிய பிறகுதான் தெரிகிறது. என்னிடம் வந்த ஒரு பாட்டி உள்ளங்காலில் காலாணி என்று ஒரு வருடம் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார். பிளாஸ்திரியை உரித்து விளக்கை அருகே கொண்டுபோனபோது, நடுவில் கன்றிய தோல், சுற்றிலும் மை கொட்டியதுபோல ஒரு கறுப்பு ஓரம், ஒரு பக்கம் மட்டும் விரலை நோக்கிப் படர்ந்திருந்தது. அது மெலனோமா, தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய்.

அதனால் பரிசோதனைக்குப் போகும்போது காலை மட்டும் நீட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். தலை முதல் உள்ளங்கால் வரை, உள்ளாடையைக் கழற்றியும்தான் பார்க்க வேண்டும். நம் ஆண்கள் இதில் ரொம்பவே கூச்சப்படுவார்கள், ஆண் மருத்துவர்தான் வேண்டும் என்றால் முன்கூட்டியே கேளுங்கள். அப்புறம் வருடத்துக்கு ஒரு முறையாவது இதே பரிசோதனை. வீட்டில் மாதம் ஒரு நாள் குளித்த பிறகு நல்ல வெளிச்சத்தில் அவர் முதுகையும் பின்னங்காலையும் நீங்கள் பாருங்கள்.

சரி, வெயில்? சிங்கப்பூரில் நடுப்பகலில், வெயில் தோலைச் சுடும் வலிமையைச் சொல்லும் புறஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது அபூர்வமில்லை. முழுக்கைச் சட்டை, குடை, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போதும். முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிறது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள், நிறமில்லாத ஜெல் வகை கிடைக்கிறது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர் என்றால் விடியற்காலையிலேயே புறப்பட்டு வெயிலுக்கு முன் டேங்க் ரோடு முருகன் கோவிலுக்குப் போய்ச் சேரட்டும். அலகு மட்டும் வேண்டாம், அது கிருமித் தொற்றுக்கு வழி.

தோல் மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முன்பு எப்போதாவது அசதயோபிரின் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அது தோலை வெயிலுக்கு இன்னும் பலவீனமாக்கும் மருந்து.