சவப்பெட்டியில் ஏறிய டார்வின்

கேள்வி: டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் வகையை அக்கால மாலுமிகள் 'சவப்பெட்டி' என்று அழைத்தார்களாமே, உண்மையா? அவ்வளவு மோசமான கப்பலா அது?

பதில்: உண்மைதான். காரணம் இல்லாமல் அந்தப் பெயர் வரவில்லை.

பீகிள், செரோகி வகையைச் சேர்ந்த பிரிக், அதாவது இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பல். இந்த வகையை ஹென்றி பீக் 1807-இல் வடிவமைத்தார். நெப்போலியனோடு போர் நடந்துகொண்டிருந்த காலம். சின்ன வேலைகளுக்குச் சின்னக் கப்பல்கள் நிறைய வேண்டியிருந்தன. பிரிட்டிஷ் கடற்படை நூற்றுக்கும் மேல் கட்டித் தள்ளியது. நீளம் சுமார் 90 அடி, அகலம் இருபத்தைந்து அடிகூட இல்லை. அதற்குள் பத்துப் பீரங்கிகள், எழுபத்தைந்து பேர்! இவற்றில் இருபதுக்கும் மேற்பட்டவை கடலுக்குப் பலியாயின. போர் முடிந்த பிறகு பலவற்றைத் தபால் சுமக்க அட்லாண்டிக்கில் விட்டார்கள். குளிர்காலப் புயலிலும் தபால் போயாக வேண்டுமே.

எல்லோரும் அடிப்பாகத்தைக் குறை சொல்வார்கள். நான் மேல்தளத்தைத்தான் குறை சொல்வேன். தளம் நீர்மட்டத்துக்கு மிக அருகில். அதைச் சுற்றி உயரமான பக்கச்சுவர். பெரிய அலை ஒன்று உள்ளே விழுந்தால், தண்ணீர் வேகமாக வெளியேற வழியின்றித் தொட்டி போல் தேங்கிவிடும். அந்தப் பாரம் ஒரு பக்கமாகச் சரியும்போது அடுத்த அலையும் வந்தால் கதை முடிந்தது.

பீகிளின் கேப்டன் ஃபிட்ஸ்ராய் இதை நன்றாக அறிந்திருந்தார். 1831-இல் புறப்படுமுன் மேல்தளத்தைப் பின்பக்கம் 8 அங்குலமும் முன்பக்கம் 12 அங்குலமும் உயர்த்த வைத்தார். தொட்டியின் ஆழம் அந்த அளவுக்குக் குறைந்தது. என் கணக்கில், டார்வினுக்கு அவர் செய்த உதவிகளில் இதுதான் பெரியது. 1833 ஜனவரியில் தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்ன் அருகே அடுத்தடுத்து மூன்று பேரலைகள் வந்தன. மூன்றாவது, கப்பலைப் பக்கவாட்டில் சாய்த்து ஒரு படகையும் பறித்துக்கொண்டது. பக்கச்சுவரின் கதவுகளைத் திறந்து தண்ணீரை வெளியேற்றியதும் கப்பல் நிமிர்ந்தது. இன்னொரு அலை வந்திருந்தால் தப்பியிருக்க முடியாது என்று டார்வினே எழுதியிருக்கிறார். பழைய தளத்தோடு போயிருந்தால் அந்த மூன்றாவது அலையே போதுமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

(படங்களில் பீகிளுக்கு மூன்று பாய்மரங்கள் இருக்கும். பிரிக்குக்கு இரண்டுதானே என்று எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். 1825-இல் ஆய்வுப் பணிக்காக மாற்றியமைத்தபோது மூன்றாவதைச் சேர்த்தார்கள்.)

கேள்வி: அந்தக் கப்பல் இப்போது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது?

பதில்: எதிலும் இல்லை. 1845 முதல் இங்கிலாந்தின் எசெக்ஸ் ஆற்றுப் பகுதியில் கள்ளக்கடத்தலைக் கண்காணிக்கும் காவல் கப்பலாக நின்றது. பீகிள் என்ற பெயரைக்கூட எடுத்துவிட்டு ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். 1870-இல் உடைப்பதற்காக 525 பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள். டார்வின் அப்போது உயிரோடுதான் இருந்தார்.